ஹம்பியை ஒரு நகரமாகப் பார்க்க: இரண்டரை நாள் நடை வழிகாட்டி

முதல்முறை ஹம்பிக்குப் போனபோது ஒரே நாளில் முடித்துவிட்டேன். ஹொசப்பேட்டையில் ஆட்டோ பேசி, காலை எட்டு மணிக்கு ஏறி, மாலை ஆறு மணிக்கு இறங்கினேன். இருபது இடங்களாவது பார்த்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "நிறைய கல்லு, பயங்கர வெயில்" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. கைபேசியில் நானூறு படங்கள் இருந்தன. எது எந்தக் கோயில் என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டோக்காரர் மேல் குறை சொல்ல முடியாது. கேட்ட இடத்துக்கெல்லாம் கூட்டிப்போனார். நான்தான் ஹம்பியைக் கோயில்களின் பட்டியலாக எண்ணிப் போயிருந்தேன். அது ஒரு தலைநகரம். 1336இல் ஹரிஹரரும் புக்கரும் தொடங்கியதாகச் சொல்லப்படும் விஜயநகரம், 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் அதன் படையை நடத்திய ராமராயர் கொல்லப்படும்வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மக்கள் விற்று வாங்கி, குளித்துச் சமைத்து வாழ்ந்த ஊர். அந்தத் தெருவும் வாய்க்காலும் லாயமும் இன்னமும் அங்கே இருக்கின்றன. கண் பழகினால் தெரியும். அதன்பின் இரண்டு முறை போய்க் கண்ணைப் பழக்கிக்கொண்டேன். நான் கடைசியாக நடந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எப்போது, எத்தனை நாள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மார்ச்சுக்குப் பிறகு வேண்டாம். வெயில் தலைக்கு மேல் மட்டும் இருந்தால் குடை பிடித்துச் சமாளிக்கலாம். ஹம்பியில் சுற்றிலும் கருங்கல் குன்றுகள். பகலெல்லாம் குடித்த சூட்டை அவை பக்கவாட்டிலிருந்து நம் மேல் வீசும். மழைக்காலத்தில் ஊர் பச்சையாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் துங்கபத்திரையில் தண்ணீர் ஏறினால் படகும் பரிசலும் நின்றுவிடும், ஆற்றங்கரை மண்டபங்கள் சில மூழ்கிவிடும்.

இரண்டரை நாள் வேண்டும். அதிகாலையிலிருந்து பதினொரு மணி வரை நடை. பிறகு சாப்பாடு, தூக்கம் அல்லது அருங்காட்சியகம். மூன்றரைக்கு மேல் மறுபடி நடை. இந்தத் தாளத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சுலபமான வழி பெங்களூரு வந்து, இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடிப்பது. மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக ஹூப்ளி போகும் ரயில் அது. காலையில் ஹொசப்பேட்டையில் இறக்கிவிடும். சென்னைக்காரர்கள் மும்பை மார்க்க ரயிலில் குண்டக்கல் வரை வந்து அங்கிருந்து மாறியும் போகலாம். பெங்களூரிலிருந்து சாலை வழியாக வந்தால் ஏறக்குறைய 340 கிலோமீட்டர்.

ஹொசப்பேட்டையிலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு. தங்குவதற்கு மூன்று இடங்கள். ஹொசப்பேட்டையில் வசதியான ஓட்டல்கள் இருக்கின்றன. ஆனால் விடிவதற்கு முன் ஹம்பியில் இருக்க முடியாது. ஹம்பியிலேயே கோயிலை ஒட்டிய சந்துகளில் வீட்டோடு சேர்ந்த சின்னச் சின்ன விடுதிகள் இருக்கின்றன. நடக்கிறவர்களுக்கு இதுதான் சரி. கோயிலூர் என்பதால் இங்கே அசைவமும் மதுவும் கிடையாது. வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் கமலாபுரத்தில் தங்கலாம். அரண்மனைப் பகுதி அங்கிருந்து கிட்டத்தில்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பாறையில் வழுக்காத செருப்பு, ஒரு டார்ச். கோயிலில் செருப்பைக் கழற்றினால் மதியக் கல்தரை காலைப் பொசுக்கும், அதனால் ஒரு ஜோடி காலுறையும். வாழைப்பழத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஒரு சீப்புப் பழத்தைப் பையோடு ஒரு குரங்கிடம் கொடுத்தவன் சொல்கிறேன். பையில் பழத்தோடு அறைச் சாவியும் இருந்தது.

முதல் நாள் காலை: ஹேமகூடம், பிறகு விருபாட்சர்

விடியும்போது ஹேமகூடக் குன்றில் இருங்கள். ஏறுவதற்குப் பெரிய சிரமம் இல்லை, சாய்வான பாறைதான். இங்கே இருக்கும் சிறு கோயில்கள் பல, விஜயநகரம் தலையெடுப்பதற்கு முன்னோ அதன் தொடக்கத்திலோ கட்டியவை. கூரைகளைப் பாருங்கள். படிப்படியாகக் குறுகும் கல் பிரமிடு. சிற்பம் அதிகம் கிடையாது. இது தக்காணத்துப் பாணி.

அப்படியே திரும்பிக் கீழே விருபாட்சர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைப் பாருங்கள். ஒன்பது நிலை, ஏறக்குறைய 50 மீட்டர் உயரம். கீழே கல், மேலே செங்கல்லும் சுதையும். நமக்குப் பார்த்துப் பழகிய உருவம்தான். பழகியதற்குக் காரணமும் உண்டு: விஜயநகர அரசர்கள் தமிழகத்துக் கோபுர வடிவத்தை இங்கே கொண்டுவந்து பெரிதாக்கினார்கள். பிறகு அந்தப் பெரிய வடிவத்தையே திரும்பவும் நம் ஊருக்கு அனுப்பினார்கள். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது; திருவண்ணாமலை ராஜகோபுரத்தைத் தொடங்கியவரும் அவரே. நம் ஊரில் 'ராயகோபுரம்' என்ற சொல்லே இந்த ராயர்களிடமிருந்துதான் வந்தது. குன்றின் மேல் நின்றால் கூரைக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு பேரரசு தன் பாணியைத் தேடிக்கொண்ட கதை ஒரே பார்வையில் அடங்கிவிடும். அதனால்தான் நடையை இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

இறங்கும்போது பாறைகளில் வரிசையாகச் சின்னத் துளைகள் தெரியும், துணியில் தையல் போட்டதுபோல. துளை போட்டு ஆப்பு அடித்துப் பாறையைப் பிளந்த அடையாளம். சில பாறைகளில் துளை போட்டிருக்கிறார்கள், பிளக்கவில்லை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஹம்பி முழுக்க இதுதான் தெரியும்.

விருபாட்சர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். ரங்க மண்டபமும் அதன் முன்னிருக்கும் சிறு கோபுரமும் கிருஷ்ணதேவராயர் முடிசூடிய காலத்தில் எடுத்தவை. மண்டபத்தில் நிமிர்ந்து விதானத்தைப் பாருங்கள். ஹரிஹரர், புக்கரின் குருவாகச் சொல்லப்படும் வித்யாரண்யரைப் பல்லக்கில் தூக்கிப்போகும் ஓவியம் அங்கே இருக்கிறது. அப்புறம் கோயிலின் பின்பக்கம் ஓர் இருட்டு அறை. சுவரில் ஒரு சின்னத் திறப்பு வழியாக வெளிச்சம் வந்து, எதிர்ச்சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும். ஊசித்துளைக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதேதான். வெயில் கோபுரத்தின் மேல் நன்றாக விழும் நேரமாக இருக்க வேண்டும். கோயில்காரர்களிடம் கேட்டால் அறையைக் காட்டுவார்கள்.

கோயிலுக்கு முன்னால் நேராகக் கிழக்கே போகிறதே, அந்த அகலமான தெருதான் பழைய தேர்வீதி, சந்தைத் தெரு. இருபுறமும் கல்மண்டபங்கள். 2011 வரை அந்த மண்டபங்களுக்குள் வீடும் கடையும் இருந்தன. மக்களை அப்புறப்படுத்திய பிறகு தெரு வெறிச்சோடிவிட்டது. பழைய நகரத்தைக் காப்பாற்ற அதில் மிச்சமிருந்த வாழ்க்கையை வெளியேற்றியது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. தெருவின் கடைசியில் ஒற்றைக்கல் நந்தி இருக்கிறது. அங்கே இப்போது போக வேண்டாம், நாளைக்கு.

முதல் நாள் மதியம்: அருங்காட்சியகம்

வெயில் உச்சியில் இருக்கும்போது கமலாபுரம் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளுங்கள். சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் வந்த காரியம் வேறு: குன்று, ஆறு, கோயில், மதில் எல்லாம் சேர்ந்த ஹம்பியின் பெரிய மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று மூன்று பகுதிகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வடக்கே ஆற்றங்கரையில் கோயில் பகுதி. தெற்கே மதிலுக்குள் அரண்மனைப் பகுதி. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கில் வாய்க்காலும் வயலும். அந்த வாய்க்கால் விஜயநகரக் காலத்தது. துருத்து வாய்க்கால் என்பார்கள். இன்றும் தண்ணீர் ஓடுகிறது, நீங்கள் சாலையோரம் பார்க்கும் வாழையும் நெல்லும் அதில் விளைபவை. ஹம்பியில் இடிந்துபோகாத மிகப் பெரிய கட்டுமானம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. நான் முதலில் போய் நின்றது வெள்ளிக்கிழமை.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. விட்டலர் கோயில், தாமரை மஹால் வளாகம், அருங்காட்சியகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குள் இலவசம். அன்றைக்கு மட்டும்தான் செல்லும். 'ஒரே டிக்கெட்டில் எல்லாம் பார்த்துவிடலாம்' என்றுதான் பலரும் ஒரே நாளில் ஓடுகிறார்கள். இன்னொரு 40 ரூபாய் கொடுத்து நாளைக்கு மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள், போகட்டும்.

முதல் நாள் மாலை: அரண்மனைப் பகுதி

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். அரண்மனை எங்கே என்று தேடுவார்கள். வெறும் கல்மேடைகள்தான் இருக்கும். அடித்தளம் கல், அதற்கு மேல் தூணும் கூரையும் மரம். 1565க்குப் பிறகு மரம் எரிந்துபோனது, கல்மேடை நின்றது. ஆகவே இங்கே குனிந்து பார்க்க வேண்டும்.

மன்னரின் சபா மண்டபம் என்று பலகை வைத்த மேடையில் ஏறுங்கள். பத்துக்குப் பத்தாக நூறு தூண்கள் நின்ற அடிக்கற்கள். தூண் நின்ற குழிகளைப் பார்த்து, அந்த இடத்தில் மரத்தூண்களை நீங்களே மனதில் நட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் கூரை வந்துவிடும்.

அடுத்து மகாநவமி திப்பா. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய மேடை. ஏறுவதற்கு முன் சுற்றி வாருங்கள். பக்கங்களில் யானை, குதிரை விற்கும் வெளிநாட்டு வணிகர்கள், வேட்டை, கோலாட்டம் எல்லாம் வரிவரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1520 வாக்கில் இங்கே வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், நவராத்திரி நாட்களில் இங்கே நடந்த மல்யுத்தம், நடனம், யானை ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாவற்றையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். நகரத்தைப் பார்த்து, ரோம் அளவுக்குப் பெரியது என்றும் வியந்திருக்கிறார். மைசூர் தசராவின் வேர் இந்த மேடைதான். நம் கொலுப்படிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சிலர் சொல்வார்கள். படிகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும், ஆனால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மேடைக்கு அருகே படிக்கிணறு போன்ற ஒரு குளம். 1980களில் அகழ்ந்து எடுக்கும்வரை இது மண்ணுக்குள் கிடந்தது. கரும்பச்சைக் கல், கணக்குப் பிசகாத படிகள். படிக்கற்களில் எழுத்துகள் இருக்கின்றன: எந்தப் பக்கம், எந்த வரிசை என்ற குறிப்பு. வேறெங்கோ செதுக்கி, எண் போட்டுக் கொண்டுவந்து, இங்கே கோத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்த கல் வாய்க்கால், தூண்கள் மேல் தாங்கி நிற்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று அதன் கூடவே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அரசர் பெயர்களை விட இந்த வாய்க்கால் எனக்கு ஊரை நன்றாகச் சொல்லிக்கொடுத்தது.

ஹசார ராமர் கோயிலுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். வெளிமதிலில் யானை, குதிரை, வீரர்கள், நடனப் பெண்கள் வரிசையாகப் போகிறார்கள்; சற்றுமுன் மேடையில் பார்த்த அதே திருவிழா. உள்ளே கோயில் சுவரில் ராமாயணம், படக்கதை போல. கதை தெரிந்தவர்கள் சுற்றி வந்தாலே படித்துவிடலாம்.

தாமரை மஹாலும் யானை லாயமும் நல்ல நிலையில் நிற்கின்றன. அவை கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை, தீக்குத் தப்பின. லாயத்தில் 11 அறைகள். மேலே உள்ள கும்மட்டங்கள் ஒரே மாதிரி இருக்காது, கவனியுங்கள். வளாகத்தை மாலையில் மூடிவிடுவார்கள், ஐந்து மணிக்கு மேல் போய் நிற்க வேண்டாம். ராணி குளியலறையை வழியில் பார்த்துக்கொள்ளலாம், நேரமில்லையென்றால் விட்டாலும் நட்டமில்லை.

இரண்டாம் நாள் காலை: மதங்க மலையிலிருந்து விட்டலர் கோயில் வரை

இந்தக் காலை நடைக்காகவே ஹம்பிக்குப் போகலாம். மதங்க மலை உச்சியில் சூரிய உதயம். இருட்டில் தனியாக ஏறாதீர்கள், துணையோடு டார்ச் வைத்துக்கொண்டு ஏறுங்கள். முந்தின நாள் மாதிரியில் பார்த்த மூன்று பகுதிகளும் மேலிருந்து அப்படியே தெரியும்.

வந்த வழியே திரும்பாமல், அச்சுதராயர் கோயில் பக்கம் இறங்கும் பாதையைப் பிடியுங்கள். 1534இல் கட்டிய பெரிய கோயில். பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார்கள். அதற்கு எதிரே நீளும் தெருவும் ஒரு சந்தைத் தெருதான். ஒவ்வொரு பெரிய கோயிலுக்கும் முன்னால் தெரு, தெருவோரம் குளம்: இந்த ஒழுங்கு இப்போது பிடிபட்டிருக்கும்.

அந்தத் தெரு வழியே ஆற்றங்கரைக்கு வந்து, நீர் போகும் திசையில் நடந்தால் ராயர் துலாபாரக் கல்வளைவைத் தாண்டி விட்டலர் கோயில். இப்படி வந்தால் வாகன நிறுத்தத்திலிருந்து பேட்டரி வண்டிக்கு வரிசையில் நிற்கும் வேலையும் மிச்சம்.

கல்தேர் 50 ரூபாய்த் தாளில் இருப்பது. கையில் தாள் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அது உண்மையில் தேர் வடிவில் கட்டிய கருடன் சன்னதி. மேலே ஒரு செங்கல் விமானம் இருந்தது; 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் அது தெரிகிறது. பிற்பாடு எடுத்துவிட்டார்கள். முன்னால் இழுக்கும் யானைகளுக்குப் பின்னே குனிந்து பாருங்கள், குதிரைகளின் பின்னங்கால் தெரியும். முதலில் இருந்தவை குதிரைகள். யானைகள் பிறகு கொண்டுவந்து வைத்தவை. இசைத்தூண்களைத் தட்டத் தடை இருக்கிறது. வழிகாட்டி யாராவது 'யாரும் பார்க்கவில்லை, தட்டுங்கள்' என்றாலும் தட்ட வேண்டாம். தூண்களைச் சுற்றி யாளிகளைப் பார்த்தால் வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் நினைவுக்கு வரும். அதுவும் இதே காலத்து மரபுதான்.

திரும்பும்போது கால் கெஞ்சினால் பரிசல் கேளுங்கள். ஏறும் முன்பே கட்டணத்தையும் இறங்குமிடத்தையும் பேசி முடித்துவிடுங்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். சுழற்றிக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாம் நாள் மாலை: கிருஷ்ணர் கோயில் சாலை

ஹம்பி–கமலாபுரம் சாலையோரம் வரிசையாக நான்கு இடங்கள். சாசிவேகாலு கணேசர், அதாவது கடுகு கணேசர், சுமார் 2.4 மீட்டர். பின்னால் போய்ப் பாருங்கள்: ஒரு பெண்ணின் முதுகு தெரியும். பார்வதி மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் கடலைக்காலு கணேசர், இன்னும் பெரியவர்.

அடுத்து கிருஷ்ணர் கோயில். ஒடிசாவின் கஜபதி அரசர்களிடமிருந்து உதயகிரியை வென்ற கிருஷ்ணதேவராயர், அங்கிருந்து பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்து இங்கே வைத்தார். கோபுரத்தின் சுதையில் போர்வீரர்கள் இருப்பதைத் தேடுங்கள். உள்ளே கருவறை காலி.

அப்புறம் நரசிம்மர். 6.7 மீட்டர், ஒரே பாறை, 1528. உக்ர நரசிம்மர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மடியில் லட்சுமி இருந்த லட்சுமி நரசிம்மர் அது. தாயார் உருவம் உடைந்துபோனது. சுற்றிப் போய்ப் பின்னால் பாருங்கள், அவர் முதுகை அணைத்த கை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒட்டிய அறையில் தண்ணீருக்குள் நிற்கும் படவிலிங்கம்.

பொழுது சாய்வதை மால்யவந்த குன்றில் பாருங்கள். ஹேமகூடத்தில் இந்நேரம் கூட்டம் நெரியும். மால்யவந்தத்தில் ரகுநாதர் கோயிலில் ராமாயணப் பாராயணம் ஓயாமல் நடக்கும், பாறையில் உட்கார்ந்தால் அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் அரைநாள்: அக்கரை

படகில் ஆற்றைக் கடந்தோ சாலை வழியாகச் சுற்றியோ ஆனெகுந்தி போகலாம். விஜயநகரத்துக்கு முந்தைய ஊர். ராமாயணத்துக் கிஷ்கிந்தை இதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரிக்கு 575 படிகள். ஏறுவதானால் ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. எனக்கு மலையை விட ஊர்த்தெரு பிடித்திருந்தது: பழைய கோட்டை வாசல், திண்ணை வைத்த வீடுகள். படகில் போனால் கடைசிப் படகு எப்போது என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் சுற்றுவழிதான்.

ரயிலுக்கு முன் ஹொசப்பேட்டையில் மண்டக்கி ஒக்கரணையும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடுங்கள். தாளித்த பொரி அது, காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு பாக்கி. கிருஷ்ணர் கோயிலில் காலிக் கருவறையைப் பார்த்தீர்களே, அதில் இருந்த பாலகிருஷ்ணர் இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். திரும்பி வந்த வாரத்திலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். அதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறைதான்.